கிறிஸ்தவப் பள்ளிப் படிப்பு பிற்கால வாழ்க்கைக்கு என்ன தருகிறது? பெற்றோரும் பழைய மாணவரும் கேட்கும் கேள்விகள்

ஏப்ரல், மே வந்துவிட்டால் பாளையங்கோட்டை, நாகர்கோவில், திருச்சி மாதிரி ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பிள்ளையை எங்கே சேர்ப்பது? நான் சைவக் குடும்பத்தில் பிறந்து மிஷன் பள்ளியில் படித்தவன். பிறகு உதவிபெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். அதனால் உறவினர்களும் தெரு ஆட்களும் பழைய மாணவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பேச்சு தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பற்றியது. யாழ்ப்பாணம் ஓரிரண்டு இடங்களில் வரும், ஏனென்றால் அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

கிறிஸ்தவப் பள்ளி என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நாம் ஆர்.சி. ஸ்கூல் என்று சொல்வது கத்தோலிக்க மறைமாவட்டமோ துறவற சபையோ நடத்துவது. டி.டி.டி.ஏ. பள்ளி என்றால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருமண்டலத்தோடு சேர்ந்த ஊர்ப் பள்ளி. குமரி மாவட்டத்தில் இன்றும் எல்.எம்.எஸ். என்ற பழைய மிஷன் பெயரோடு பள்ளிகள் இருக்கின்றன. தஞ்சாவூர், தரங்கம்பாடி பக்கம் போனால் லுத்தரன் பள்ளிகள். சேசு சபை, சலேசியர், பல வகைக் கன்னியர் சபைகள் என்று நடத்துகிறவர்களும் பல வகை. ஒவ்வொன்றின் பழக்கவழக்கமும் வேறு.

அதைவிட முக்கியமான வேறுபாடு, அது உதவிபெறும் பள்ளியா, சுயநிதிப் பள்ளியா என்பது. உதவிபெறும் பள்ளியில் ஒப்புதல் பெற்ற ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது, கட்டணம் மிகக் குறைவு, கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். அதே வளாகத்தில், அதே புனிதர் பெயரில் மெட்ரிக் பள்ளியோ சி.பி.எஸ்.இ. பள்ளியோ இருக்கும். அங்கே கட்டணமும் வேறு, பிள்ளைகளும் வேறு. இரண்டிலும் படித்தவர்கள் பிற்காலத்தில் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பெயர்ப்பலகையில் உள்ள புனிதரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அங்கே படித்தால் பிள்ளை மதம் மாறிவிடுமா?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தயங்க வேண்டியதில்லை, பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விதான். நான் பார்த்தவரை, பிள்ளை பிறந்த வீட்டின் சமயத்தோடுதான் வெளியே வருகிறது. என்னோடு படித்தவர்களில் கோயில் கொடை விழாவை முன்னின்று நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

வரலாறு இன்னும் சுவையானது. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தார், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்குவதில் துணை நின்றார். பிறகு என்ன செய்தார்? 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதினார், அச்சுக்கூடம் வைத்தார், சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் செய்தார். மிஷன் பள்ளி நடக்கும் விதத்தை உள்ளிருந்து பார்த்துக் கற்று, அதையே சைவத்துக்குப் பயன்படுத்தினார்.

சி.வை. தாமோதரம் பிள்ளையைப் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் இவரும் இவருடைய ஆசிரியர் கறல் விசுவநாத பிள்ளையும்தான். பின்னாளில் சைவராகி, ஏட்டுச்சுவடியில் கிடந்த தமிழ் நூல்களை அச்சேற்றுவதில் உயிரைக் கொடுத்தார். 1887-இல் கலித்தொகையை நமக்குத் தந்தவர் அவர். சுவடியை ஒப்பிட்டுப் பிழை நீக்கும் அந்தப் பொறுமைக்கு வட்டுக்கோட்டைப் படிப்பும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும், பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். அங்கே இந்து சமயத்தின் மீது வைக்கப்பட்ட விமர்சனம் அவரை உறுத்தியது. அதற்குப் பதில் தேடித்தான் வேதாந்தத்துக்குள் இறங்கினார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி அவர் எழுதிய ஆய்வேட்டை அந்தக் கல்லூரியின் பேராசிரியர் ஹாக் பாராட்டினார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சட்டமும் இருக்கிறது. அரசியலமைப்பின் 28(3) பிரிவுப்படி, அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. பல பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்வி அல்லது வேதபாட வகுப்புக்குப் போகும்போது மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் தலைமையாசிரியரிடம் எழுதியே கொடுக்கலாம். அது உங்கள் உரிமை.

அப்படியானால் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு வருவது எது?

முதலாவது, நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசும் பழக்கம். அசெம்பிளியில் வகுப்பு முறைபோட்டுச் செய்தி வாசிக்க வேண்டும், குறள் சொல்லி விளக்க வேண்டும், சின்னதாக ஒரு சிந்தனை சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் விழா நாடகத்தில் ஆடு மேய்ப்பவனாகவாவது மேடை ஏறாத பிள்ளை குறைவு. வீட்டில் வாய் திறக்காத பிள்ளையையும் ஓர் ஆசிரியை கையைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்திவிடுவார். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வேலைக்கான நேர்காணலில் உட்காரும்போது, குரல் நடுங்காமல் இருப்பதற்கான பயிற்சி அந்த மைக் முன்னால்தான் நடந்திருக்கிறது. கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சொத்து என்பது, அது இல்லாமல் வேலை தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, மணிக்கு வாழ்வது. விடுதியில் இருந்த பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். விடியுமுன் எழுப்புவார்கள், காலை ஸ்டடி, பள்ளி, விளையாட்டு, மாலை ஸ்டடி, இரவு ஜெபம், விளக்கணைப்பு. அப்போது சலித்துக்கொண்டவர்கள்தான் பிறகு போட்டித் தேர்வுக்குத் தனியாக அறை எடுத்துப் படிக்கும்போது, யாரும் விரட்டாமலே உட்கார்ந்து படிக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை ஆசிரியர்களாகிய நாங்களே அதிகம் பேசுவதில்லை. ஃபாதரும் சிஸ்டரும் பள்ளி வளாகத்திலேயே குடியிருக்கிறார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு ஓடிப் போய்ப் பிடிக்க அவர்களுக்கு பஸ் கிடையாது. அதனால் ஐந்து மணிக்கும் மைதானத்தில் ஒருவர் நிற்பார், ஏழு மணிக்கும் ஸ்டடியில் ஒருவர் நடந்துகொண்டிருப்பார். உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கும் மாறுதல் அந்த நிர்வாகத்துக்குள்தான், அதனால் அப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் மகனுக்கும் சொல்லிக்கொடுப்பார். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போகிறவர் இருப்பார். பெரியவர் ஒருவர் நம்மைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்ற நினைவு ஆளைத் தாங்கும். வேலை போனபோதும், வீட்டில் சாவு விழுந்தபோதும் பழைய மாணவர்கள் தேடி வந்து பேசுவது அந்த ஆசிரியரிடம்தான். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சேவை என்று ஒன்றையும் கற்றுத்தருகிறார்கள். கிறிஸ்துமஸ் சமயம் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுபோய்ச் சேர்ப்பது, முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாடுவது, புயல், வெள்ளம் என்றால் துணி சேர்ப்பது. இது எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. சேசு சபையின் அன்றைய உலகத் தலைவர் பேத்ரோ அருப்பே 1973-இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில் தங்கள் பள்ளிகளின் பழைய மாணவர்களைப் பார்த்து, உங்களை நீதிக்காக உழைப்பவர்களாக வளர்த்தோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதுதான் இனி எங்கள் வேலை என்றார். கேட்டவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. நல்ல மார்க்கும் நல்ல வேலையும் வாங்கித் தருவதோடு பள்ளியின் கடமை முடிந்துவிட்டது என்று நினைக்கும் ஒவ்வொரு நிர்வாகமும் அந்தப் பேச்சைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆங்கிலம் நன்றாக வரும் என்றுதானே கான்வென்டில் சேர்க்கிறோம்?

வரும், ஆனால் எல்லாப் பள்ளியிலும் வராது. ஆங்கிலவழிக் கான்வென்டில் பேச்சு ஆங்கிலம் சரளமாக வரும், அதற்கு வேலைச் சந்தையில் மதிப்பும் உண்டு. தமிழ்வழி ஆர்.சி. பள்ளியிலோ டி.டி.டி.ஏ. பள்ளியிலோ அந்தச் சரளம் வராது. இலக்கணம் உறுதியாக இருக்கும், பேச்சு பிறகு பழக வேண்டியதுதான்.

ஆனால் தமிழில் பேசினால் அபராதம் போடுகிற பள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மிஷன் கல்வியின் மரபுக்கே விரோதம். ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். இடையன்குடியில் கால்டுவெல்லும் சாயர்புரத்தில் ஜி.யு. போப்பும் தமிழை எப்படி மதித்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தன் மொழியைப் பேசியதற்காகத் தலைகுனிந்து நின்ற பிள்ளை பெரியவனானதும் இரண்டு மொழியிலும் தயங்குவான். அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

வேலைக் கணக்காகப் பார்த்தாலும், தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். அரசு வேலையை நோக்கிப் போகப்போகும் பிள்ளை என்றால் இதை யோசித்து வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்வழிச் சான்றிதழைப் பள்ளியிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்துல் கலாம் மிஷன் பள்ளியில் படித்துத்தான் அந்த உயரத்துக்குப் போனார் என்கிறார்களே?

கலாம் ராமேசுவரத்தில் தொடக்கப்பள்ளி முடித்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தார். பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் இருந்து, சரபோஜி மன்னருக்கு ஆசானாகவும் விளங்கிய ஸ்வார்ட்ஸ் ஐயரின், அதாவது பாதிரியாரின், பெயர்தான் அந்தப் பள்ளிக்கு. அங்கே ஐயாதுரை சாலமோன் என்ற ஆசிரியர் தன்மேல் நம்பிக்கை வைக்கக் கற்றுக்கொடுத்தார் என்று கலாம் தன் வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே தன் வரலாற்றில் அவருடைய அப்பா இருக்கிறார், அக்காள் கணவர் ஜலாலுதீன் இருக்கிறார், வீட்டுக்குள் அழைத்துத் தானே பரிமாறிய பிராமண ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் இருக்கிறார். படிக்க அனுப்புவதற்காக அக்காள் தன் நகையை அடகு வைத்தது இருக்கிறது. பள்ளி கொடுத்தது ஒரு பங்கு. வ.உ.சி.யும் தூத்துக்குடியில் மிஷன் பள்ளிகளில் படித்தவர்தான், அவர் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டார். பெரிய மனிதர் ஒருவரைக் காட்டி ஒரு பள்ளியை எடைபோட முடியாது. அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளை இப்போது என்ன செய்கிறது என்று விசாரித்தால் உண்மை இன்னும் நன்றாகத் தெரியும்.

எந்த மாதிரி வேலைகளுக்கு அதிகம் போகிறார்கள்?

ஆசிரியர், நர்ஸ் இரண்டும் முன்னால் நிற்கும். அதற்குக் காரணம் உண்டு. பள்ளி இருந்த இடத்திலேயே மிஷன் மருத்துவமனையும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் இருந்தன. குமரி மாவட்டம் நெய்யூரில் 1838-இலேயே மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கியது பின்னாளில் சி.எம்.சி. மருத்துவமனை ஆனது. 1909-இல் நர்சிங் பள்ளியும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே வந்தன. ஊரில் ஓர் அக்கா நர்ஸ் உடுப்பில் வந்து நின்றால் அடுத்த வீட்டுத் தங்கைக்கும் அந்த ஆசை வரும். இப்படியே வளைகுடா வரைக்கும் போய்விட்டது.

கைத்தொழிலையும் சொல்ல வேண்டும். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878-இல் தொழிற்பள்ளி தொடங்கினார். தச்சு, தையல், கருமான் வேலை எல்லாம் கற்றுத்தந்தார்கள். சலேசியர்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். இன்று அவர்களின் சபை நிறுவனர் டான் போஸ்கோ பெயரில் தொழிற்பயிற்சி நிலையங்கள் நடக்கின்றன. மார்க் குறைந்த பிள்ளையை, இது தேறாது என்று ஓரங்கட்டாமல், வெல்டிங் கற்று நிமிர்ந்து நிற்க வைத்த இடங்கள் இவை. என்னிடம் தமிழில் தட்டுத் தடுமாறிய மாணவர் ஒருவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஃபிட்டராக இருக்கிறார். தம்பி, தங்கை எல்லோரையும் படிக்கவைத்தவர் அவர்தான்.

பாடல் குழு, நாடகம், விளையாட்டு எல்லாம் வேலைக்கு உதவுமா?

நேரடியாக இசைக்கலைஞர் ஆகிறவர்கள் சிலர்தான். ஆனால் நான்கு குரலில் பாடும் குழுவில் நின்றவருக்கு அடுத்தவர் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கத் தெரியும். அலுவலகத்தில் அது உதவாத நாள் கிடையாது.

வீட்டில் யாரும் படிக்காத பிள்ளைக்கு இந்தப் பள்ளி என்ன செய்யும்?

இங்கேதான் இந்தப் பள்ளிகளின் உண்மையான பெருமை இருக்கிறது என்பேன். படித்தவர் வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் படித்துவிடும். ஒடுக்கப்பட்டவர்களைத் தெருவுக்குள் நடக்கவே விடாத காலத்தில், அவர்களுக்குப், பள்ளிக்கூடம் என்ற ஒன்றையும் அதோடு சோறு போடும் விடுதியையும் கொடுத்ததுதான் பெரிய காரியம். பனை ஏறியவரின் மகன் ஹெட்மாஸ்டர் ஆனதும், வயலில் நின்றவரின் மகள் நர்ஸ் ஆனதும் ஒரே தலைமுறையில் நடந்தது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம், கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட 92. மாநிலத்திலேயே முதலிடம். இது முழுக்க மிஷன் பள்ளியால் வந்தது என்று சொன்னால் தவறு. திருவிதாங்கூர் அரசு பள்ளிகளுக்குச் செலவு செய்தது, அய்யா வைகுண்டரின் இயக்கம் மக்களைத் தலைநிமிரச் செய்தது, சமூக சங்கங்கள் போட்டி போட்டுக்கொண்டு பள்ளி கட்டின. ஆனாலும் மயிலாடியில் ரிங்கல்தௌபே ஐயர் காலத்திலிருந்து ஊர் ஊராகச் சின்னச் சின்னப் பள்ளிகள் இருந்தது பெரிய காரணம்.

இப்போதும் விடுதியில் சேர்க்கும் வசதி பல இடங்களில் இருக்கிறது. அம்மா, அப்பா செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகிறார்கள் என்றால், பிள்ளையின் படிப்பு நடுவில் அறாமல் இருக்க விடுதிதான் வழி. கத்தோலிக்கப் பங்குக் குருவிடமோ சி.எஸ்.ஐ. சேகர குருவிடமோ நேரே போய்க் கேளுங்கள். வேறு சமயத்தவர் என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் வாழ்க்கையில் என்ன மாற்றம் வந்தது?

தரங்கம்பாடியில் 1707-இலேயே பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் பள்ளி 1824-இல் வந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் போன்ற மிஷனரி மனைவியர் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுத்தந்தார்கள். பெண்கள் கையில் சொந்தக் காசு புழங்கத் தொடங்கியது அப்போதுதான். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி 1895-இல், சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915-இல், மதுரையில் லேடி டோக் 1948-இல். அதே பாளையங்கோட்டையில் 1890-களில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாத பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு வருவோம். கிராமத்தில் வயது வந்த பெண்ணைப் படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீடு நினைக்கும்போது, 'சிஸ்டர் ஸ்கூல்தானே, போகட்டும்' என்று விடுகிறார்கள். அந்த ஒரு நம்பிக்கையால் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பெண்கள் ஏராளம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வேலை, கையில் ஒரு சான்றிதழ், தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. அவர்களின் மகள்களைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒரு குறையும் உண்டு: சில கன்னியர் பள்ளிகளில் அடக்கத்தை மட்டும் அதிகமாகப் போதித்து, கேள்வி கேட்கும் துணிவைக் குறைத்துவிடுகிறார்கள். உங்கள் மகள் கேள்வி கேட்கிறவள் என்றால், அதை ரசிக்கிற ஆசிரியை அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள்.

அங்கே சாதி கிடையாது என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. கல்வியின் கதவைச் சாதி பார்க்காமல் திறந்தார்கள், அது உண்மை. ஆனால் உள்ளே வந்தவர்கள் சாதியைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூர் சபையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஸ்வார்ட்ஸிடம் வளர்ந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்து நின்றவர்களில் ஒருவர்.

இன்றும் தென்மாவட்டப் பள்ளிகளில், எந்த நிர்வாகமானாலும், கைக்கயிற்று நிறம் பார்த்துப் பிள்ளைகள் கூட்டம் சேர்வது நடக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் அரசு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024-இல் அவர் அறிக்கை கொடுத்தார். பிள்ளையை எந்த இடத்தில் உட்காரவைக்கிறார்கள், சண்டை வந்தால் ஆசிரியர் யார் பக்கம் பேசுகிறார், நிர்வாகத்தில் எல்லாச் சமூகத்தாரும் இருக்கிறார்களா என்பதைப் பார்த்தால் ஒரு பள்ளியின் நிஜ முகம் தெரிந்துவிடும். பிள்ளை வாழ்நாள் முழுக்க மனிதர்களை எப்படிப் பார்க்கும் என்பது இங்கேதான் தீர்மானமாகிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அடி, கண்டிப்பு எல்லாம் பிற்காலத்தில் நல்லதுக்குத்தான் என்கிறார்களே?

அடியை வாங்கிக்கொண்டு முன்னேறியவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள். அடிக்குப் பயந்து நின்றுபோனவர்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதியைத் திருத்தி மாணவரை அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். கண்டிப்பு வேறு, அடி வேறு. நேரத்துக்கு வா, வீட்டுப்பாடம் முடி, பொய் சொல்லாதே என்று விடாமல் நிற்பது கண்டிப்பு. பிரம்பும், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் அதில் சேராது. பிள்ளையிடம் யாராவது தகாத முறையில் நடந்துகொண்டால், அவர் அங்கி போட்டவராக இருந்தாலும் சரி, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது குற்றம். பள்ளியின் பெயர் கெடும் என்று யாராவது சமாதானம் பேச வந்தால் கேட்காதீர்கள்.

கிறிஸ்தவப் பள்ளியில் படித்தால் சாதிச் சான்றிதழுக்கோ இடஒதுக்கீட்டுக்கோ பாதிப்பு வருமா?

படித்ததால் வராது. சான்றிதழ் குடும்பத்தின் சாதியையும் சமயத்தையும் பார்த்துக் கொடுப்பது, பள்ளியைப் பார்த்து அல்ல. பட்டியலினத்தவர் கிறிஸ்தவராக மாறினால் மட்டும் எஸ்.சி. நிலை போய், தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவார். மாற்றுச் சான்றிதழில் சமயமும் சாதியும் தவறாகப் பதிவாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் திருத்துவது பெரும்பாடு.

சலுகைகளில் ஒரு வேறுபாடு உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. உதவிபெறும் பள்ளி மாணவருக்குக் கிடையாது. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த உதவிபெறும் பள்ளிகளை விட்டுவிட்டது நியாயமில்லை என்பது என் கருத்து, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்துக் கல்லூரி போனவர்களுக்கும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களை, 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, சிறுபான்மைப் பள்ளிகளில் கேட்க முடியாது. டாக்டர் கனவு உள்ள ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே இதையெல்லாம் கணக்குப் போடுங்கள்.

சேர்க்கும்முன் என்னதான் பார்க்க வேண்டும்?

வேலை நாளில் சாயங்காலம் பள்ளி விட்டபின் அரைமணி நேரம் போய் நில்லுங்கள். மைதானத்தில் ஆசிரியர் யாராவது இருக்கிறார்களா, நூலகம் திறந்திருக்கிறதா, காவலாளியிடம் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். கழிப்பறையைப் பாருங்கள். ஒப்புதல் பெற்ற பணியிடங்கள் எத்தனை காலியாக இருக்கின்றன என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இது மிக முக்கியம். பழைய பெருமை எவ்வளவு இருந்தாலும், கணக்குக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் கணக்கு வராது. போன வருடம் முடித்த பிள்ளைகள் நாலைந்து பேரிடம் பேசுங்கள். முதல் மார்க் வாங்கியவரை விட்டுவிடுங்கள், நடுவில் நின்றவர்களிடம் கேளுங்கள்.

பழைய மாணவன் நான். பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறேன், என்ன செய்யலாம்?

நுழைவாயில் வளைவு கட்ட வேண்டாம், ஏற்கெனவே நிறைய இருக்கிறது. உதவிபெறும் பள்ளிகளில் காலியிடம் நிரம்பாதபோது நிர்வாகமே சிறு சம்பளத்தில் ஆசிரியரை வைத்துக்கொள்கிறது. பி.எட். முடித்தவர்கள் ஜவுளிக்கடைச் சம்பளத்தைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள். உங்கள் செட் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு கணக்கு ஆசிரியருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்கலாம். பணத்தை நேரே அவருடைய வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் அனுப்பும்படி தாளாளரிடம் எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பணம் முடியாதென்றால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய் உங்கள் வேலையைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுங்கள்: எந்தப் படிப்பு, எந்தத் தேர்வு, முதல் சம்பளம் எவ்வளவு, எங்கே தங்கினீர்கள். உங்கள் கைபேசி எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டு வாருங்கள், இரண்டு பேராவது கட்டாயம் கூப்பிடுவார்கள்.